ஆண்டுதோறும் போகும் மலைநடை: யாருடைய வேகத்தில் நடப்பது?

கல்பாதை எழுதியது:

இந்த ஆண்டுப் பயணம் முடிந்து உடம்பு வலியும் அடங்கிவிட்டது. கூடாரத்தைக் காயவைத்து மடித்தாயிற்று. ஒரு கேள்வி மட்டும் தீராமல் இருக்கிறது. இங்கே என்னைவிட நெடுங்காலமாக நடப்பவர்கள் பலர் இருப்பதால் கேட்டுவிடுகிறேன்.

நாங்கள் ஒன்றாகப் படித்த கூட்டம். ஆண்டுக்கு ஒரு முறை சில நாட்கள் காட்டிலும் மலையிலும் நடப்பது, கூடாரத்தில் தங்குவது என்று பல ஆண்டுகளாக விடாமல் போய்வருகிறோம். திருமணம், குழந்தைகள், வேலை மாற்றம், ஒருவருடைய முழங்கால் சிகிச்சை எல்லாவற்றையும் தாண்டி இந்தப் பழக்கம் நிலைத்திருக்கிறது. தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே வயது, ஏறக்குறைய ஒரே மூச்சு. இப்போது வயது மட்டும்தான் ஒன்று. ஒருவன் வாரந்தோறும் நெடுந்தூரம் ஓடுகிறான். இன்னொருவன் பகல் முழுவதும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாத வேலையில் இருக்கிறான். மற்றவர்கள் இவர்களுக்கு இடையில் எங்கோ. நானும் அந்த நடுக்கூட்டம்தான்.

உச்சிக்கு ஏறும் நாளில் நாங்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டோம். யாரும் திட்டமிடவில்லை, ஏற்றம் செங்குத்தாக ஆக ஆக இடைவெளி தானாக விழுந்தது. முன்னால் போனவர்கள் அங்கங்கே நின்று காத்திருந்தார்கள், பின்னால் வந்தவர்கள் போய்ச் சேர்ந்ததும் “வந்துவிட்டீர்களா? சரி, கிளம்பலாம்” என்று எழுந்தார்கள். எல்லோரும் உச்சியைத் தொட்டோம். ஆனால் அன்று மாலை முகாமில் வழக்கமான சத்தம் இல்லை. கடைசியாக வந்த நண்பன், “அடுத்த முறை நான் கீழேயே இருந்து சமைத்து வைக்கிறேனே” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

ஆண்டுதோறும் போகும் மற்றக் கூட்டங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? மெதுவாக நடப்பவருக்கு ஏற்ப எல்லோரும் வேகத்தைக் குறைப்பதா, ஆளுக்கொரு வேகத்தில் விட்டுவிடுவதா, பாதையையே எளிதாகத் தேர்ந்தெடுப்பதா?

---

நிதானம் எழுதியது:

எங்கள் கூட்டத்தில் கடைசி ஆள் நான்தான், ஆகவே எனக்குப் பேச உரிமை உண்டு. உங்கள் நண்பர் சமைக்கிறேன் என்றதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓராண்டு முகாமில் உட்கார்ந்து சமைப்பார். அடுத்த ஆண்டு வேலை அதிகம் என்பார். அதற்கடுத்த ஆண்டு நீங்களே அவரை அழைக்கச் சங்கடப்படுவீர்கள்.

முன்னால் போகிறவர்கள் போட்டுப் பார்க்காத கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு ஏற்றத்தில் நான் பத்து நிமிடம் பின்தங்குகிறேன் என்று வையுங்கள். அவர்கள் மேலே போய்ப் பையை இறக்குகிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள், ஷூவைக் கழற்றி உள்ளே போன கல்லைத் தட்டுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். வியர்வை ஆறி உடம்பு சில்லிடும் நேரத்தில் நான் போய்ச் சேர்கிறேன். குளிர்கிறது, நடந்தால் சரியாகிவிடும் என்று எழுந்துவிடுகிறார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படாதவர்களுக்குப் பத்து நிமிடம், தேவைப்படுகிறவனுக்கு ஒன்றுமில்லை. பையின் வாரிலிருந்து ஒரு தோளை விடுவித்திருப்பேன், மற்றத் தோளை விடுவிப்பதற்குள் மீண்டும் மாட்டிக்கொள்ள வேண்டும். இப்படி ஒரே நாளில் ஐந்தாறு முறை நடந்தால் பிற்பகலில் யாருடைய கால் முதலில் தடுக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் நடக்கிறது. பிறரைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சத்தில் பின்னால் வருபவன் தண்ணீர் குடிக்க நிற்க மாட்டான், குதிகாலில் உறுத்துவதைப் பார்க்க நிற்க மாட்டான், படம் எடுக்கவும் நிற்க மாட்டான். அந்த மலையில் அவன் பார்த்தது தன் ஷூ முனையை மட்டும்தான்.

எங்கள் கூட்டத்தில் இப்போது ஒரே ஒரு விதி. கடைசி ஆள் வந்து, பையை இறக்கி, உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்கும். “கிளம்பலாம்” என்ற சொல் அந்த ஆளின் வாயிலிருந்துதான் வர வேண்டும். வேகத்தைக் குறைக்கச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை.

---

உச்சிக்காற்று எழுதியது:

நான் மறுபக்கம். திட்டுவதற்கு முன் முழுவதும் படியுங்கள்.

ஆண்டு முழுவதும் இந்த சில நாட்களுக்காகத்தான் பயிற்சி செய்கிறேன். அதிகாலையில் எழுந்து ஓடுகிறேன், எடை ஏற்றிய பையோடு மாடிப்படி ஏறுகிறேன். அந்த உழைப்பை எங்கே செலவிடுவது? என் இயல்பான நடைக்குப் பாதி வேகத்தில் நாள் முழுவதும் நடப்பது எளிது என்று மெதுவாக நடப்பவர்கள் நினைக்கிறார்கள். எளிதல்ல. நின்று நின்று போனால் தசை இறுகுகிறது, ஒவ்வொரு அடிக்கும் பையின் சுமை தோளில் கூடுதல் நேரம் நிற்கிறது, முகாமுக்குப் போய்ச் சேர இருட்டிவிடுகிறது. வேகமாக நடப்பவனுக்கும் உடம்பு உண்டு.

மேலும், எல்லோரும் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? காலையில் ஒரே முகாமிலிருந்து கிளம்புவோம், மாலையில் ஒரே முகாமில் சேர்வோம். நடுவில் இரண்டு பாதை. வலுவானவர்கள் உச்சி வழியாகவும் மற்றவர்கள் பள்ளத்தாக்கு வழியாகவும் போகட்டும். இரவில் பேசுவதற்கும் கதை மிஞ்சும். ஒரே வரிசையில் போய் எல்லோரும் பாதி மகிழ்ச்சியோடு திரும்புவதைவிட இது நல்லது என்பது என் எண்ணம்.

---

எண்ணும்கால் எழுதியது:

இருவரும் வேகத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கென்னவோ கோளாறு அதற்கு முன்பே, வரைபடத்தை விரித்து வைத்து நாளைத் திட்டமிடும் இரவிலேயே தொடங்கிவிடுகிறது என்று படுகிறது.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். நம் அளவில் ஏறக்குறைய 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. ஆக 15 கி.மீ. தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள நாளுக்கு மூன்று மணியும் ஒன்றரை மணியும் சேர்த்து நாலரை மணி நேரம். காலை ஏழுக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்கு முகாம்! தாளில் எவ்வளவு அழகாக இருக்கிறது.

அந்தக் கணக்கில் ஓய்வு இல்லை. உணவு இல்லை. கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டுவது இல்லை. கூட்டமாகப் போகும்போது ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்கிறார்கள் என்பதும் இல்லை. நல்ல உடல் தேர்ச்சி உள்ள ஒருவர் நல்ல பாதையில் நடப்பதற்கான கணக்கு அது. பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். எரிக் லாங்முயர் இறக்கத்தையும் சேர்த்தார்: மிதமான சரிவில் இறங்கினால் 300 மீட்டருக்கு 10 நிமிடம் குறையுங்கள், செங்குத்தாக இறங்கினால் 10 நிமிடம் கூட்டுங்கள். இறக்கம்தானே, ஓடிவிடலாம் என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டாம் பாதி மட்டும் மறந்துபோகும்.

பிலிப் டிரான்டர் செய்த திருத்தம்தான் இந்த உரையாடல் இழைக்கு மிகவும் பொருந்துவது. ஒவ்வொருவரும் சுமார் 800 மீட்டர் தூரத்தில் 300 மீட்டர் உயரம் ஏற எத்தனை நிமிடம் எடுக்கிறார்கள் என்று முதலில் அளக்கச் சொன்னார். 15 நிமிடத்தில் ஏறுபவர்களும் இருக்கிறார்கள், 50 நிமிடம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த எண்ணை வைத்து நாளின் நேரத்தை மாற்ற வேண்டும். யாருடைய எண்? கூட்டத்தில் அதிக நேரம் எடுப்பவருடையது. நடக்கும்போது வேகத்தைக் குறைக்கிறோமா என்ற சண்டையே இங்கே வராது. நாளின் நீளத்தை முதலிலேயே குறைத்திருப்போம். முகாமுக்குப் போக இருட்டுகிறது என்று உச்சிக்காற்று வருந்துகிறார். இருட்டுவதற்குக் காரணம் மெதுவாக நடந்தவர் அல்ல, வேகமாக நடப்பவரின் கணக்கை வைத்துக் கிளம்பும் நேரத்தை முடிவுசெய்தவர்.

---

மருந்துப்பெட்டி எழுதியது:

முதலுதவிப் பையைச் சுமப்பவள் என்ற முறையில் இரண்டு செய்திகள்.

முதலாவது, காத்திருப்பவர்களைப் பற்றி. உயரம் கூடக் கூட ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. அதன் மேல் காற்று வேறு. வியர்வையில் ஊறிய சட்டையோடு உச்சியில் பத்து நிமிடம் நின்றால் உடம்பு சூட்டை இழக்கும் வேகம் பயமுறுத்தும். பருத்திச் சட்டை ஈரத்தை விடவே விடாது. கம்பளியோ செயற்கை இழையோ எவ்வளவோ மேல். ஆகவே முன்னால் போகிறவர்களே, நின்றவுடன், குளிர்வதற்கு முன்பே, பையில் மேலாக வைத்த மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் பின்னால் வருபவர் போய்ச் சேரும்போது “குளிர்கிறது, கிளம்பலாம்” என்று சொல்லத் தேவையே இருக்காது. நிதானம் சொன்ன விதிக்கு முன்நிபந்தனை இந்த மேலங்கிதான். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது மருத்துவ அவசரம். அதற்கு முன்பே ஆள் தடுமாறுவதும் பேச்சு குழறுவதும் எரிச்சல்படுவதும் தெரியும். களைப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, நாற்காலி நண்பரைப் பற்றி. ஏற்றத்தில் மூச்சு வாங்குவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். மறுநாள் அவரைப் படுக்கவைப்பது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. அப்படிப்பட்ட வேலைதான் தசை நாரைச் சிதைத்து, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலியை உச்சத்துக்குக் கொண்டுபோகும். இதில் நல்ல செய்தியும் உண்டு: ஒரு முறை அப்படி வலித்துவிட்டால் அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை அவ்வளவு வலிக்காது. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு மாடிப்படி ஏறச் சொல்லாதீர்கள், இறங்கச் சொல்லுங்கள். மின்தூக்கியில் மேலே போய் நடந்து கீழே வரட்டும். நடைக்கோல் இரண்டு கொடுங்கள். கையும் சுமையில் பங்கு எடுத்துக்கொள்ளும், முழங்கால் நன்றி சொல்லும்.

---

ஈரக்கூடாரம் எழுதியது:

எல்லோரும் பகலைப் பற்றியே பேசுகிறீர்கள். இரவில் தூங்காதவன் பகலில் எப்படி நடப்பான்?

கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் பெரும்பாலும் மிக மோசமான பாயில் படுப்பவராகவும் இருப்பார் என்பது என் நெடுநாளைய கவனிப்பு. ஆண்டு முழுவதும் நடப்பவர்களிடம் நல்ல பொருள் சேர்ந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை வருபவர் இரவல் ஸ்லீப்பிங் பேக்கும் பழைய பாயும் கொண்டுவருகிறார். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் முதுகுக்கு அடியில் அது நசுங்கிக் கிடக்கிறது. நசுங்கிய பஞ்சில் காற்று இல்லை, காற்று இல்லாத இடத்தில் கதகதப்பு இல்லை. தரை உடம்புச் சூட்டை உறிஞ்சுவதைத் தடுப்பது பாய் மட்டுமே. அதன் தடுப்புத் திறனை ‘ஆர் மதிப்பு’ என்று அச்சிட்டிருப்பார்கள். முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் அளந்துகொண்டிருந்தது. 2018-இல், பொருள்களுக்கான தர அளவுகளை வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பு பொதுவான சோதனை முறையை வகுத்த பிறகு ஒப்பிட முடிகிறது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பாய் போட்டால் இரண்டின் மதிப்பும் கூடும் என்பதால், பணம் செலவழிக்க மனமில்லாதவர்கள் காற்றுப் பாய்க்கு அடியில் ஒரு நுரைப் பாய் விரித்தாலே போதும்.

கூடாரத்துக்குள் காலையில் மழை பெய்தது போல் ஈரம் சொட்டுவதைப் பற்றிச் சொல்லாமல் என் பெயருக்கு நியாயம் செய்ய முடியாது. அது ஒழுகல் அல்ல, உங்கள் மூச்சு. வெளித்துணி குளிர்ந்திருப்பதால் உள்ளே விட்ட மூச்சின் ஈரம் அதில் படிகிறது. குளிர்கிறது என்று எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினால் இன்னும் கூடும். மேலே உள்ள காற்றுவழியைத் திறந்தே வையுங்கள். பள்ளத்தின் அடியில் கூடாரம் போடாதீர்கள், குளிர்காற்று இரவில் இறங்கி அங்கேதான் தேங்கும். ஓடைக்கரை அழகுதான், ஆனால் 60 மீட்டராவது விலகிப் போடுவது நீருக்கும் நல்லது, உங்கள் ஸ்லீப்பிங் பேக்குக்கும் நல்லது.

முதல் இரவு யாருக்கும் நல்ல தூக்கம் வராது என்பதையும் கணக்கில் வையுங்கள். புது இடத்தில் முதல் இரவு மூளையின் இடப்பாதி முழுமையாக ஆழ்ந்து தூங்குவதில்லை என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கண்டார்கள். பக்கத்துக் கூடாரத்துக் குறட்டை இல்லாமலேயே இந்த நிலைமை. உச்சி ஏறும் கடினமான நாளை இரண்டாம் நாளில் வைக்கும் வழக்கத்தை யார் கொண்டுவந்தார்களோ!

---

உச்சிக்காற்று எழுதியது:

பாய் பற்றிய சொற்பொழிவுக்கு நன்றி. இழை எங்கோ போகிறது.

எண்ணும்கால் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், கிளம்பும் நேரம். மற்றதை ஒப்புக்கொள்ள முடியாது. மிக மெதுவாக நடப்பவரின் எண்ணை வைத்து ஒவ்வொரு நாளையும் வெட்டிக்கொண்டே போனால் சில ஆண்டுகளில் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட வேண்டியிருக்கும். வயது யாருக்கும் நிற்காது, சரி. ஆனால் பயிற்சி செய்யாமல் வருவதற்கும் வயதுக்கும் வித்தியாசம் உண்டு. முழங்கால் சிகிச்சை செய்துகொண்டவருக்காக நான் எத்தனை மணி நேரமும் காத்திருப்பேன். மூன்று மாதம் முன்பே தேதி சொல்லியும் ஒரு நாள்கூட நடந்து பார்க்காமல் வருபவருக்காகக் காத்திருக்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. இதைச் சொன்னால் நான் கெட்டவன்.

---

நிதானம் எழுதியது:

கெட்டவர் இல்லை. வெளிப்படையாகச் சொன்னதே நல்லது. பெரும்பாலான கூட்டங்களில் இந்த எரிச்சல் வாய்விட்டு வராமல், நடையின் வேகத்தில் வெளிப்படுகிறது. முன்னால் போகிறவர் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போவார், அவ்வளவுதான்.

ஆனால் பயிற்சி செய்யாமல் வந்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் பயிற்சி செய்கிறேன். வாரத்தில் நான்கு நாள் நடக்கிறேன். அப்படியும் உங்களைப் போன்றவர்களைவிட ஏற்றத்தில் மெதுவாகத்தான் போவேன். நடுத்தர வயதில் ஒரே அளவு உழைக்கும் இருவரின் மூச்சுத்திறன்கூட ஒன்றாக இருக்காது. கேட்டுப் பாருங்கள்; தீர்ப்புச் சொல்வதற்கு முன்பு.

உங்கள் இரண்டு பாதை யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். பள்ளத்தாக்கு வழியே போகும் குழுவுக்கு வரைபடம் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும், முதலுதவிப் பை ஒன்று வேண்டும். வலுவானவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் போய்விட்டால் மற்றப் பக்கம் வழி தெரியாதவர்களின் ஊர்வலமாகிவிடும். ஒவ்வோர் ஆண்டும் உங்களில் ஒருவர் முறைவைத்து எங்களோடு வாருங்கள்.

---

பழையகயிறு எழுதியது:

இந்த இழையில் வயதில் மூத்தவன் நானாகத்தான் இருப்பேன். எங்கள் கூட்டம் கலைந்து போன ஒன்று, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சண்டை போட்டுக் கலையவில்லை. நாங்கள் எப்போதும் பழைய பயணங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்போம்; புயலில் கூடாரக் கம்பி முறிந்த இரவு, மேகம் விலகி உச்சி தெரிந்த ஐந்து நிமிடம். அதே கதைகள், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பெரிதாக. ஆனால் எல்லோருக்கும் அந்தக் கதைகளில் இடம் இருந்ததா என்று நாங்கள் கவனிக்கவில்லை. உச்சி தெரிந்த அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு பேர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வந்தபோது மேகம் மூடிவிட்டது. பல ஆண்டுகள் அந்தக் கதையை அவர்கள் எதிரிலேயே சொல்லிக்கொண்டிருந்தோம். முதலில் வராமல் போனவர்கள் அந்த இருவர்தான்.

உளவியலாளர் டேனியல் கானெமனும் அவருடைய சகாக்களும் 1993-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 14 டிகிரிக் குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, கூடவே இன்னும் 30 விநாடி. அந்தக் கூடுதல் நேரத்தில் மட்டும் நீரை 15 டிகிரி வரை மெல்லச் சூடாக்கினார்கள். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீண்டதையே கேட்டார்கள். கூடுதல் வேதனைதான், ஆனால் முடிவு சற்று இதமாக இருந்தது. நாம் ஓர் அனுபவத்தை அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்துத்தான் நினைவில் கொள்கிறோம், நடுவில் எவ்வளவு நேரம் போனது என்பது பெரிதாகக் கணக்கில் வருவதில்லை என்பது அவர்கள் வாதம்.

பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் இதை வைத்து யோசிக்க வேண்டும். கடைசி ஆளுக்கு அந்தப் பயணத்தின் உச்சம் எது, முடிவு எது? அவருக்கு உச்சம் மூச்சு வாங்கிய ஏற்றம். முடிவு, எல்லோரும் பையைக் கட்டி முடித்த பிறகு தான் மட்டும் அவசர அவசரமாகக் கட்டிய காலை. மற்றவர்கள் அவரையும் சேர்த்துக்கொண்டு “அருமையான பயணம்” என்று வாட்ஸ்அப்பில் படம் போடுகிறார்கள். கல்பாதை, உங்கள் கடைசி நாளைச் சின்னதாக வையுங்கள். பாதி நாள், சமதளம், நீச்சலடிக்க ஓர் ஓடை. உச்சியை நடுவில் வைத்துவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இது இனிமையானது அல்ல. பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயன் மெக்கமன் 2004-இல் வெளியிட்ட கட்டுரையில் 700-க்கும் மேற்பட்ட விபத்துகளைப் பார்த்தார். மனிதரைச் சறுக்கவைக்கும் பொறிகளில் முதலாவது பழக்கம்: தெரிந்த இடம், பல முறை வந்த சரிவு, ஒன்றும் ஆகாது என்ற எண்ணம். இன்னொன்று எடுத்த முடிவை விடாமல் பிடிப்பது. மூன்றாவது, உடன் வந்தவர்களிடம் மதிப்பிழக்க விரும்பாதது. அவர் பனியைப் பற்றித்தான் எழுதினார். ஆனால் ஆண்டுதோறும் ஒன்றாகப் போகும் நண்பர் கூட்டத்தில் இந்த மூன்றும் ஒரே பையில் வருகின்றன. அந்நியர்களோடு போனால் “இடி கேட்கிறது, திரும்பலாம்” என்று கூசாமல் சொல்வோம். நெடுநாள் நண்பர்களிடம் சொல்லத் தயங்குவோம். கேலி பேசுவார்கள் என்று தெரியும். திரும்பும் நேரத்தை முதல் நாள் இரவே தாளில் எழுதிவிடுங்கள். ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்றால், ஒரு மணிக்கு உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்புவது. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் முகட்டில் உங்களுக்கு வேலை இல்லை, உடனே இறங்குங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை மேலே போகவும் வேண்டாம்.

---

கல்பாதை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழையகயிறு ஐயா எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் கூட்டத்தின் படங்களை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். அண்மை ஆண்டுகளில் உச்சியில் எடுத்த படங்களில் அந்த நண்பன் ஒன்றிரண்டில்தான் இருக்கிறான். இருக்கும் படத்திலும் பையைக் கழற்றாமல் நிற்கிறான். நிதானம் எழுதியதுதான் நினைவுக்கு வந்தது.

அவனோடு நேற்றுத் தொலைபேசியில் பேசினேன். வேகம் பற்றிக் கேட்டேன். அவனுக்கு வேகம் பெரிய குறையாக இல்லையாம். “உச்சியில் நான் வந்து சேர்ந்ததும் யாராவது ‘இதோ பார், அங்கே தெரிகிறதே’ என்று எனக்கும் ஒரு முறை காட்டியிருக்கலாம், எல்லோரும் ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தீர்கள்” என்றான். நான் எதிர்பார்த்த பதில் இது அல்ல.

சரி, அடுத்த ஆண்டுக்கான வரைவு இது. முதல் நாள் குறுகிய நடை. இரண்டாம் நாள் ஒரே முகாமிலிருந்து இரண்டு பாதை, உச்சிக்காற்று சொன்னபடி. வழி தெரிந்தவர்கள் இரு பக்கமும். மூன்றாம் நாள் எல்லோருமாக உச்சி, கணக்கு அவனுடைய எண்ணில், கடைசிச் சிறு ஏற்றத்துக்கு முன்பு எல்லோரும் நின்று சேர்ந்து ஏறுவது. நான்காம் நாள் ஓடை. ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: சுமையை எப்படிப் பிரிப்பது? இதுவரை ஆளுக்குச் சமமாகப் பிரித்தோம்.

---

எண்ணும்கால் எழுதியது:

சமமாகப் பிரிப்பது நியாயம் போலத் தோன்றும், ஆனால் அல்ல. இரவு தங்கும் நடைக்குப் பை, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான கைக்கணக்கு. 80 கிலோ ஆளுக்கு 16 கிலோ, 55 கிலோ ஆளுக்கு 11 கிலோ. பொதுப் பொருள்களை, அதாவது கூடாரம், அடுப்பு, எரிவாயுக் குப்பி, பாத்திரம், கயிறு ஆகியவற்றை ஒரு துணியில் பரப்பி வைத்து எடை போட்டு, வேகமாக நடப்பவர்களிடம் கூடுதலாகக் கொடுங்கள். அவர்கள் வேகமும் கொஞ்சம் குறையும், இவர்கள் வேகமும் கொஞ்சம் கூடும். பேச்சே இல்லாமல் இடைவெளி பாதியாகும். கனமானதை முதுகை ஒட்டி, தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே வைக்கச் சொல்லுங்கள். அடியில் போட்டால் பை பின்னால் இழுக்கும்.

ஆனால் அந்த நண்பரின் பையை வெறுமையாக்கிவிடாதீர்கள். பொதுப் பொருளில் ஒன்று அவரிடமும் இருக்கட்டும்.

---

மருந்துப்பெட்டி எழுதியது:

அடுப்பு என்று படித்தவுடன் நினைவு வந்தது. ஓடை நீரைக் குடிப்பதாக இருந்தால் நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். உயரத்தில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் இந்தக் கூடுதல் நேரம். அதற்கு எரிவாயு கூடுதலாகத் தேவை, எடைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். குதிகாலில் சூடு தெரிந்த உடனே நின்று டேப் ஒட்டுவதும் உங்கள் விதிகளில் ஒன்றாக இருக்கட்டும், கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பயன் குறைவு.

---

உச்சிக்காற்று எழுதியது:

ஆகக் கூடாரத்தையும் அடுப்பையும் நான் சுமக்க வேண்டும் என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்துவிட்டீர்கள். நல்லது. என் பயிற்சிக்கு அதுவும் உதவும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. இரண்டாம் நாள் உச்சிப் பாதையை அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்குவோம், நெற்றி விளக்கோடு. யாரும் “கொஞ்சம் தூங்கிவிட்டுப் போகலாம்” என்று சொல்லக் கூடாது. மூன்றாம் நாள் எவ்வளவு மெதுவாகப் போனாலும் வாயைத் திறக்க மாட்டேன். எங்கள் கூட்டத்திலும் இந்த வரைவைக் கேட்டுப் பார்க்கப் போகிறேன், நாற்காலி நண்பர்கள் எங்களிடமும் உண்டு.

---

ஈரக்கூடாரம் எழுதியது:

நான்கு மணிக்குக் கிளம்புவதானால் கூடாரத்தை நனைந்தபடியே கட்டி எடுத்துப் போகாதீர்கள். இரண்டாம் நாள் அதே முகாமுக்குத்தான் திரும்புகிறீர்கள், நின்றபடியே இருக்கட்டும், வெயில் பார்த்துக்கொள்ளும். கல்பாதை, அந்த நண்பருக்கு எந்தப் பாய் இருக்கிறது என்று கேட்டீர்களா?

---

கல்பாதை எழுதியது:

கேட்டேன். யோகாசனப் பாயாம்! என்னிடம் இருக்கும் நுரைப் பாயையும் அவனுக்குக் கொடுத்துவிடுகிறேன்.